கைவேகம் என்னும் கற்பிதம்

இணையத்தில் பலர் ஒரே நேரத்தில் கூடி ஆடும் துப்பாக்கி ஆட்டங்களைப் பற்றி அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் ஊர்களில் வழங்கும் கருத்து இரண்டு தரப்பாரின் வாயிலிருந்து வந்தாலும் சாரத்தில் ஒன்றே. அந்த ஆட்டங்களில் கற்பதற்கு ஏதும் இல்லை, கண்ணும் கட்டைவிரலும் பரபரப்பதைத் தவிர அங்கே வேறெதுவும் நடப்பதில்லை, ஆகவே கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதே முறை என்பது பெற்றோரும் ஆசிரியரும் சொல்வது. எல்லாம் கைவேகம்தான், அது பிறவியிலேயே உள்ளவனுக்கு வரும், இல்லாதவன் கடைசிவரை ‘நூப்’ ஆகவே கிடப்பான், புதிதாக வருகிறவன் நேரே களத்தில் குதித்து அடிபட்டுத்தான் தேற வேண்டும் என்பது ஆடுகிற இளைஞர் சொல்வது. நூப் என்பது விவரம் அறியாத புதியவனைக் குறிக்கும் வசைச்சொல். அதைக் காதால் கேட்காமல் முதல் வாரத்தைக் கடந்த புதியவர் மிகச் சிலரே. ஒருவர் சொல்லை மற்றவர் காதில் வாங்காத இவ்விரு தரப்பாரும் தம்மை அறியாமலேயே ஒரே அடித்தளத்தின்மேல் நிற்கிறார்கள்: இதில் கற்பிக்க ஒன்றுமில்லை என்பதே அந்த அடித்தளம். அது பிழை என்பதையும், அந்தப் பிழையின் காரணமாகவே இந்த ஆட்டங்களால் நேரும் உண்மையான கேடுகளில் பல முதல் சில வாரங்களிலேயே வேர்பிடிக்கின்றன என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேசப்படும் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ‘பப்ஜி’ என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் சுட்டும் வழக்கம் ஊரில் ஊன்றிவிட்டது. ஆடுபவர் தம் பாத்திரத்தின் கண் வழியாகவோ அதன் தோளுக்குப் பின்னிருந்தோ களத்தைப் பார்த்துக் குறிவைத்துச் சுடுவது துப்பாக்கி ஆட்டம். எதிரே நிற்பது கணினி இயக்கும் பொம்மையாக இல்லாமல், வேறோர் ஊரில் வேறொரு கைப்பேசியுடன் உட்கார்ந்திருக்கும் மனிதராக இருக்கும்போது அது பலர் ஆடும் ஆட்டமாகிறது. 1993 டிசம்பரில் வெளியான டூம் நான்கு கணினிகள் வரை கம்பியால் இணைத்து நண்பர்கள் ஒருவரையொருவர் வேட்டையாட இடம் தந்தது. 2000-இல் விற்பனைக்கு வந்த கவுன்ட்டர் ஸ்ட்ரைக் இரு அணிகள் மோதும் வடிவத்தை உலகெங்கும் பரப்பியது. 2017-இல் கணினியிலும் 2018 மார்ச்சில் கைப்பேசியிலும் வந்த பப்ஜியில் நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, நேரம் செல்லச் செல்லச் சுருங்கும் வட்டத்துக்குள் போரிட்டு, கடைசியில் எஞ்சுபவர் வெல்கிறார். கரீனா நிறுவனத்தின் ப்ரீ ஃபயர் அதே முறையைச் சுமார் ஐம்பது பேருக்கும் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கும் சுருக்கி, விலை குறைந்த கைப்பேசியிலும் தடங்கலின்றி ஓடும்படி அமைத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலை சரிந்த பின், இந்த ஆட்டங்கள் ஜெயங்கொண்டத்துக்கும் மீன்சுருட்டிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து சேர்வதற்குத் தடை எதுவும் இருக்கவில்லை.

கைவேகம் என்ற வாதத்தை அதற்குரிய அளவுகோலைக் கொண்டே சோதித்துவிடலாம். கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கை எதிர்வினை காட்ட மனிதருக்குப் பொதுவாக 200 முதல் 250 மில்லிநொடி ஆகிறது. மில்லிநொடி என்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விரைந்த கைக்கும் மெதுவான கைக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் சில பத்து மில்லிநொடிகளே. இனி, ஆடுபவர்கள் ‘பிங்’ என்று சொல்லும் எண்ணைக் கருத வேண்டும்: கைப்பேசியிலிருந்து புறப்படும் செய்தி, ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான சர்வரை அடைந்து திரும்ப எடுக்கும் நேரம் அது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர், சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கண்ணாடியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், இயற்கை விதிக்கும் குறைந்தபட்சமே போய்வர மும்பைக்கு 11 மில்லிநொடி, சிங்கப்பூருக்கு 29 மில்லிநொடி. நடைமுறையில் அலைபேசிக் கோபுரமும், வழியில் உள்ள இணைப்பு நிலையங்களும், வளைந்து செல்லும் தடங்களும் இந்த எண்ணைப் பல மடங்காக்குகின்றன, ஊரே படம் பார்க்கும் மாலை நேரத்தில் ஒரே கோபுரத்தை ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்ளும்போது அது நூறைத் தாண்டுவதும் அரிதன்று. அதாவது, இரண்டு கைகளுக்கு இடையே இயற்கையில் உள்ள வேறுபாட்டை இணைப்பின் வேறுபாடு விழுங்கிவிடுகிறது. தோற்ற சிறுவன் தன் கையைக் குறைசொல்லிக்கொள்கிறான். குறை பெரும்பாலும் அவன் கையில் இல்லை.

இந்தத் தாமதத்தைச் சமாளிக்க ஆட்டத்தை ஆக்குவோர் கையாளும் உத்திகளை அறிந்தால், புதியவரைப் பெரிதும் குழப்பும் ஒரு நிகழ்வு விளங்கும். ‘சுவருக்குப் பின்னால் வந்த பிறகும் செத்தேன், அவன் ஹேக் போட்டிருக்கிறான்’ என்ற குற்றச்சாட்டு எந்த ஊர்த் திண்ணையிலும் கேட்கக்கூடியது. ஹேக் என்பது ஆட்டத்தின் நிரலைத் திருத்தி ஏமாற்றுவது. ஏமாற்றுவோர் இருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் இந்த நிகழ்வுக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. சுட்டவர் விசையை அழுத்திய கணத்தில் அவர் திரையில் எதிரி எங்கே தெரிந்தாரோ அந்தப் பழைய நிலைக்குச் சர்வர் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, குறி சரியா என்று கணக்கிடுகிறது. தாமத ஈடு எனத்தக்க இம்முறையை வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் விரிவாக விளக்கியிருக்கிறார். அதன் விளைவாக, சுடப்பட்டவர் தம் திரையில் சுவருக்குப் பின் பத்திரமாக நின்றாலும், சுட்டவரின் திரையில் இன்னும் வெளியே நின்றிருப்பார். மூலையில் அசையாமல் காத்து நிற்பவரைவிட மூலையைத் திரும்பி வருபவர் எதிரியை ஒரு நொடியின் சிறு பங்கு முன்னதாகக் காண்பதும் இதே தாமதத்தின் விளைவுதான். இதை அறிந்தவர் மூலையோரத்தில் ஒட்டி நிற்க மாட்டார். ஒரே இடத்தில் இரண்டாம் முறை தலைகாட்ட மாட்டார். ஆயிரம் ஆட்டம் ஆடியும் இதை அறியாதவர் அங்கேயே நின்று அங்கேயே விழுவார். விரலின் வேகம் இதில் எங்கே வருகிறது?

வெல்பவரை வெல்ல வைப்பவற்றுள் முதன்மையானது இடம். எதிரி வரக்கூடிய வழி எது, அவர் தலை எந்த உயரத்தில் தோன்றும், தாம் நிற்கும் இடத்தை எத்தனை திசையிலிருந்து பார்க்க முடியும் என்பவற்றை முன்கூட்டியே எண்ணிக் குறியை அங்கே வைத்திருப்பவர், எதிரி தோன்றியதும் விரலை அசைத்தாலே போதும். எண்ணாதவர் முதலில் எதிரியைக் காண வேண்டும், பிறகு குறியை அங்கே நகர்த்த வேண்டும், பிறகே சுட வேண்டும். பார்ப்பவருக்கு முதலாமவர் மின்னல் வேகக்காரராகத் தெரிகிறார். உண்மையில் அவர் செய்த வேலை குறைவு.

இந்தச் சிந்தனை தமிழர்க்குப் புதியதன்று என்பதைச் சொல்லாமல் கடக்க இயலாது. புறப்பொருள் வெண்பாமாலை கோட்டையை வளைப்போர் செயலை உழிஞை என்றும், உள்ளிருந்து காப்போர் செயலை நொச்சி என்றும் வேறு வேறு திணையாகப் பிரிக்கிறது. இரண்டிற்கும் வெவ்வேறு கடமை, வெவ்வேறு பொறுமை, வெவ்வேறு வெற்றி உண்டு என்ற தெளிவு அந்தப் பிரிவில் இருக்கிறது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கிலும் அதே வகை ஆட்டமான வாலரன்ட்டிலும் ஓர் அணி குறித்த இரண்டு அல்லது மூன்று இடங்களுள் ஒன்றில் வெடியைப் பதிக்க முயல, மற்ற அணி அதைத் தடுக்க நிற்கும்போது, நடப்பது உழிஞையும் நொச்சியுமே. காக்க வேண்டியவர் எதிரியைத் தேடி வெளியே ஓடுவதும், தாக்க வேண்டியவர் பதுங்கிக் காத்திருந்து நேரத்தை வீணடிப்பதும் புதியவர்களின் பொதுப் பிழைகள். தாம் எந்தத் திணையில் நிற்கிறோம் என்பதை அறியாததே இவற்றின் மூலம். சோழர் தலைநகராயிருந்த கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைப் படித்தாலே போர்க்கலையில் இடத்துக்கும் பணிப்பிரிவுக்கும் இருந்த மதிப்பு தெரியும்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். படைக்கலம் வைக்க ஓரிடம், மன்னன் மெய்காப்போருக்கு ஓரிடம், கோட்டையின் உட்பகுதிக்கு ஓரிடம் என்று ஒரு தலைநகரையே வகுத்தவர்களின் மண்ணில் வளரும் பிள்ளையிடம், எல்லாம் கைவேகம்தான் என்று சொல்லி அனுப்புவது பெருங்குறை.

கைத்திறனிலேயேகூடப் பிறவிக் கொடை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பயிற்சியே. 2003-இல் நேச்சர் இதழில் ஷான் கிரீன், டாஃப்னி பவேலியர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், முன்பு ஆடிப் பழகாதவர்கள் மெடல் ஆஃப் ஆனர் என்னும் துப்பாக்கி ஆட்டத்தை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள் ஆடியதும், பார்வைக் கவனத்தை அளக்கும் சோதனைகளில் டெட்ரிஸ் ஆடியவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இந்த முன்னேற்றம் வாழ்வின் வேறு துறைகளுக்கு எவ்வளவு பரவும் என்பதில் அறிஞரிடையே இன்னும் வாதம் உண்டு. ஆனால் பத்து மணி நேரப் பயிற்சியில் மாறக்கூடிய ஒன்றைப் பிறவிக் கொடை என்று அழைப்பதற்கு இடமில்லை.

இனி, குதித்தால் தானே நீந்த வரும் என்ற இளைஞர்களின் வாதம். அனுபவமே ஆசான் என்பது எப்போது உண்மையாகும் என்றால், அனுபவம் உண்மையைச் சொல்லும்போது மட்டுமே. கைப்பேசித் துப்பாக்கி ஆட்டங்களின் தொடக்க நிலையில் புதியவர் காணும் எதிரிகளில் பலர் மனிதரே அல்லர். ‘பாட்’ எனப்படும், கணினியே இயக்கும் பொம்மைகள். அவை நேராக நடந்துவரும், நின்று தவறாகச் சுடும், எளிதில் விழும். புதியவர் மனம் தளர்ந்து ஆட்டத்தை விட்டுப் போய்விடாமல் இருக்க நிறுவனங்கள் செய்யும் ஏற்பாடு இது. அதன் விளைவு என்னவென்றால், வெட்டவெளியில் ஓடலாம், நின்றுகொண்டே சுடலாம், சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற பாடங்களை முதல் இருபது ஆட்டங்கள் அவருக்கு வெற்றிகளோடு சேர்த்துப் புகட்டிவிடுகின்றன. தரநிலை சற்று உயர்ந்து, உண்மையான மனிதர்கள் எதிரே வந்ததும் எல்லாப் பாடங்களும் பொய்க்கின்றன; அப்போது அவர் தம் கல்வி பொய் என்று நினைப்பதில்லை, தம் கைப்பேசி போதாது, தம் துப்பாக்கியின் ‘ஸ்கின்’ போதாது என்று நினைக்கிறார். ஸ்கின் என்பது பணம் கொடுத்து வாங்கும் மேற்பூச்சு. வீட்டுப் பணம் வெளியேறத் தொடங்கும் வாசல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திறக்கிறது.

சதுரங்கத்தில் புதியவரை இப்படிக் கற்பிக்காமல் யாரும் களத்தில் இறக்குவதில்லை. ஆர்பாட் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றது. துப்பாக்கி ஆட்டங்கள் சம பலமுள்ளவர்களைச் சேர்த்து வைக்கக் கையாளும் கணக்கீடுகள் பலவும் அந்தக் கருத்திலிருந்து கிளைத்தவையே. ஆனால் சதுரங்கத்தில் தரப்புள்ளி மட்டும் தனியே வரவில்லை; அதனோடு பயிற்சிப் புதிர்களும், ஆடி முடித்த ஆட்டத்தைத் திரும்ப அலசும் வழக்கமும், பக்கத்தில் உட்கார்ந்து ‘ஏன் இதை நகர்த்தினாய்’ என்று கேட்கும் ஆசானும் உண்டு. விசுவநாதன் ஆனந்திலிருந்து 2024 டிசம்பரில் உலகப் பட்டம் வென்ற குகேஷ் வரை தமிழகம் கண்ட வெற்றிகளைக் கைவேகம் என்று யாரும் சொல்வதில்லை, மின்னல்வேகச் சதுரங்கத்தில்கூட. கபடியில் புதியவனை நேராக எதிரணிக் கோட்டுக்கு அனுப்பும் அணித்தலைவர் ஊரில் ஒருவர்கூட இல்லை. மூச்சை அடக்கிப் பாடும் விதமும், கால்வைப்பும், எல்லைக்குத் திரும்பும் தொலைவும் பழகிய பிறகே அவன் பாடிச் செல்கிறான். இளைஞர்கள் தங்கள் ஆட்டத்தையே குறைவாக மதிக்கிறார்கள் என்பதே இங்கு எழும் வருத்தம்.

கற்பிக்கும் மரபு இந்த ஆட்டங்களுக்கும் ஒருகாலத்தில் இருந்தது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழகச் சிறு நகரங்களின் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்துக் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடியபோது, எதிராளி அடுத்த நாற்காலியில் இருந்தார். இடம் கிடைக்காதவர்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். ‘ஓடிட்டே சுடாதடா, நின்னு சுடு’ என்று தோளுக்குப் பின்னாலிருந்து ஓர் அண்ணன் சொல்வது அங்கே இயல்பு. சுடும்போது ஓடினால் குண்டு சிதறும் என்ற அடிப்படை விதியை ஒரு தலைமுறை அப்படித்தான் கற்றது. கைப்பேசி ஆட்டத்தை மலிவாக்கியது, ஊரெல்லாம் கொண்டுசேர்த்தது, அதே வேளையில் தோளுக்குப் பின்னால் நின்ற அந்த அண்ணனை அகற்றிவிட்டது. இன்று நான்கு சிறுவர்கள் ஒரே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாலும் நால்வரின் திரையும் நான்கு தனியறைகள். பலர் ஆடும் ஆட்டம் என்ற பெயர் இருந்தும் தொடக்கம் இவ்வளவு தனிமையானதாக முன்பு இருந்ததில்லை.

ஆகவே முறையான தொடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் நாள் பொது ஆட்டத்துக்குப் போகத் தேவையே இல்லை. ஏறத்தாழ எல்லா ஆட்டங்களிலும் எதிரி இல்லாத பயிற்சிக் களம் ஒன்று உண்டு. அங்கே முதலில் சரிசெய்ய வேண்டியது ‘சென்சிட்டிவிட்டி’, அதாவது விரல் நகரும் அளவுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற விகிதம். யூடியூபில் பெயர் பெற்றவரின் சென்சிட்டிவிட்டி எண்களை அப்படியே எடுத்துப் போடுவதே பரவலான வழக்கம். அவருடைய திரையின் அகலமும் விரலின் நீளமும் கைப்பேசியின் வேகமும் வேறு என்பதால் அது பிறர் செருப்பை அணிந்து நடப்பதைப் போன்றது. தமக்கு எதிரே உள்ள இலக்கின்மேல் ஒரே இழுப்பில் குறி சென்று நிற்கிறதா, தாண்டிப் போகிறதா, எட்டாமல் நிற்கிறதா என்று பார்த்துச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைப்பதே வழி. பொருந்தும் அளவைக் கண்டுபிடித்த பின் பல வாரங்களுக்கு அதை மாற்றக்கூடாது. அடுத்தது பின்னுதைப்பு. தொடர்ந்து சுடும்போது துப்பாக்கியின் முனை மேலேறும், ஒவ்வொரு துப்பாக்கியும் ஒவ்வொரு விதமாக ஏறும். ஒரே ஒரு துப்பாக்கியைத் தேர்ந்து, சுவரில் சுட்டு, குண்டுத் தடங்களின் வடிவத்தைப் பார்த்து, அதற்கு எதிராக விரலைக் கீழே இழுக்கப் பழகியவர், பத்துத் துப்பாக்கிகளை மாற்றி மாற்றி எடுப்பவரைவிட விரைவில் தேறுவார்.

மூன்றாவது, காது. இது புதியவர்களிடம் யாரும் சொல்லாத செய்தி என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலடி ஓசையும் வெடியோசையும் இடப்பக்கமா வலப்பக்கமா, அருகிலா தொலைவிலா என்பதை இந்த ஆட்டங்கள் துல்லியமாகப் பிரித்துத் தருகின்றன. கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கி அந்தத் தகவல் முழுவதையும் அழித்துவிடுகிறது. விலையுயர்ந்த கைப்பேசி வாங்கித் தரச் சொல்லி வீட்டில் பட்டினி கிடக்கும் பையனுக்கு, நூறு இருநூறு ரூபாய்க் கம்பி இயர்போன் தரும் பயனை யாரும் சொல்லித் தரவில்லை. கம்பியில்லா மலிவுக் கருவிகளில் ஓசை தாமதித்து வருவதால் கம்பி உள்ளதே மேல். திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதில் விலையுயர்ந்த கைப்பேசிக்கு மேன்மை உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் படத்தின் அழகைக் குறைத்து வைத்தால் மலிவுக் கைப்பேசியிலும் அசைவு சீராகும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இவற்றுக்குப் பிறகு, நூறு பேர் இறங்கும் தீவுக்குப் போகாமல், நால்வருக்கு நால்வர் மோதும் சிறு களத்துக்குப் போக வேண்டும். பெரிய தீவு ஆட்டத்தில் இருபது நிமிடம் நடந்து, பொருள் பொறுக்கி, இரண்டு நொடியில் விழுவதால் அரை மணி நேரத்தில் கிடைப்பது ஒரே ஒரு மோதல். நால்வர் ஆட்டத்திலோ விழுந்தவர் உடனே எழுவதால் பத்தே நிமிடத்தில் இருபது முப்பது மோதல்கள் கிடைக்கும். நேரம் வீணாகிறது என்று கவலைப்படும் பெற்றோர் கவனிக்க வேண்டிய கணக்கு இது: முறையாகக் கற்பவருக்கு ஒரு மணி நேரம் போதும், முறையின்றிக் குதிப்பவருக்கு ஓர் இரவும் போதாது. பின்னர்த் தீவு ஆட்டத்துக்குப் போகும்போது, விழுந்தவுடன் வெளியேறி அடுத்த ஆட்டத்தைத் தொடங்காமல், எஞ்சியுள்ள கூட்டாளியின் திரையைக் கடைசிவரை பார்ப்பதும் கல்வியே. கபடியில் வெளியே உட்கார்ந்திருப்பவர், தம் அணி புள்ளி எடுத்ததும் உள்ளே வரக் காத்திருக்கும்போது களத்தைப் படிக்கிறாரே, அதே படிப்பு.

பெரியவர்களின் தரப்புக்கு இனி வரலாம். அரசே தடைசெய்த ஆட்டங்கள் இவை, ஆகவே தீயவை என்பது அவர்களின் முதன்மையான சான்று. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளும், 2022 பிப்ரவரியில் ப்ரீ ஃபயர் உள்ளிட்ட 54 செயலிகளும் தடைசெய்யப்பட்டது உண்மை. ஆனால் அந்த ஆணைகள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் நாட்டின் இறையாண்மையையும் பயனர் தரவின் பாதுகாப்பையும் காரணமாகக் காட்டிப் பிறந்தவை. துப்பாக்கி ஆட்டம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அவை தீர்ப்பு எழுதவில்லை. 2021 ஜூலையில் பப்ஜியே பிஜிஎம்ஐ என்ற பெயரில் கிராஃப்டான் நிறுவனத்தால் வெளியிடப்பட்டு, 2022 ஜூலையில் அகற்றப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. இத்தனை தடைகளுக்கு இடையிலும் ஊர்ப் பிள்ளைகள் ஆடுவதை நிறுத்தவில்லை. ஒன்று போனால் மற்றொன்றுக்கு மாறினார்கள், ஒவ்வொரு மாற்றத்திலும் கற்பிப்பார் இன்றி மீண்டும் புதியவர்களானார்கள்.

அடுத்து, சூதாட்டத்தோடு இந்த ஆட்டங்களைக் கலந்து பேசும் பழக்கம். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம், பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றால் குடும்பங்கள் அழிந்ததிலிருந்து பிறந்தது. 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு இயற்றிய சட்டம் இணைய ஆட்டங்களை மின்விளையாட்டு, சமூக ஆட்டம், பண ஆட்டம் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாவதைத்தான் தடை செய்கிறது. மின்விளையாட்டை 2022 டிசம்பரிலேயே இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் அரசு வைத்தது. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், மனிதரை மனிதர் சுடுவதை நீக்கி இலக்குகளைச் சுடும்படி மாற்றிய பப்ஜி மொபைல் பதக்கப் போட்டியாகவே இருந்தது; கொலை நீங்கியும் திறன் எஞ்சியது.

வன்முறை குறித்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது, ஏனெனில் அது பிள்ளைமீதுள்ள அன்பிலிருந்து எழுவது. ஆயினும் 2019-இல் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டீனும் பிரிட்டனின் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரிடம், அவர்களின் பெற்றோரையும் கேட்டுச் செய்த ஆய்வில், வன்முறை ஆட்டங்களுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு தென்படவில்லை. அச்சப்பட வேண்டியது வேறோரிடத்தில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘ஆட்டக் கோளாறு’ என்பதைச் சேர்த்திருக்கிறது: ஆடுவதைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளைவிட அதற்கு முதலிடம் தருதல், கேடு விளைந்த பின்னும் தொடர்தல் ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாத காலம் நீடித்தால் அது நோய். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தேவை மருத்துவர். அடியும் பிடுங்கலும் அல்ல. மற்ற பெரும்பான்மையினருக்குத் தேவை ஆசான்.

பணத்தைப் பற்றிய பகுதியில் நிறுவனங்களைக் கடிந்தே ஆக வேண்டும். பிஜிஎம்ஐ வெளியானபோது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே ஆடலாம், 7,000 ரூபாய்வரையே செலவிடலாம் என்று பாதுகாப்பு விதிகள் அறிவிக்கப்பட்டன. அரியலூர்ச் சிமென்ட் ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில் ஒரு நாளைக்கு 7,000 ரூபாய் என்பது எந்த வகையில் வரம்பு என்று புரியவில்லை. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் பணம் கட்டித் திறக்கும் பெட்டிகளில் சிலவற்றை 2018-லேயே பெல்ஜியம் சூதாட்டம் என்று வகைப்படுத்தியது. இந்தப் பெட்டிகளால் குறி கூர்மையாகாது, காது பழகாது, இடம் விளங்காது. இதைத் தொடக்கத்திலேயே ஒருவர் சொல்லியிருந்தால் ‘டாப்-அப்’ என்ற பெயரில் ஆட்டத்துக்குப் பணம் ஏற்றுவது நடந்திருக்காது. குரல் அரட்டையும் அப்படியே. 2021 ஜூனில் ஆபாச வசையையே தொழிலாக்கிய ஒரு பப்ஜி யூடியூபர் தருமபுரியில் கைதானபோது தமிழகம் அதிர்ந்தது. அந்த வசைமொழியைத் திறமையின் அடையாளமாக எடுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு, முன்பின் தெரியாதவரின் குரலை ஒரே தொடுதலில் அணைக்கலாம் என்பதைக்கூட யாரும் காட்டியிருக்கவில்லை. ரேங்க் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் ஐடியையும் கடவுச்சொல்லையும் கொடுத்து ஏமாறுவதும் தொடக்க மாதங்களின் கேடே.

யார் கற்பிப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. பள்ளி ஆசிரியரின் தலையில் இதையும் ஏற்றுவது நியாயமாகாது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் தந்தையால் இயலாது. தாய்க்கோ ஆட்டமே தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. பணம் செலுத்தும் பின் எண்ணைத் தம்மிடம் வைத்துக்கொள்வதும், இரவு எத்தனை மணிக்குக் கைப்பேசி அடுப்படி அலமாரிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதும் அவர் பங்கு. மற்றதைச் செய்யக்கூடியவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள்: கல்லூரிக்குப் பேருந்து ஏறும் அண்ணன்மார், ஐந்து ஆண்டுகளாக ஆடி, அடிபட்டு, எல்லாவற்றையும் தாமே கண்டுபிடித்தவர்கள். இந்த ஆட்டங்களில் ‘கஸ்டம் ரூம்’ என்ற வசதி உண்டு. அழைக்கப்பட்டவர் மட்டும் நுழையும் தனிக் களம் அது, பாட் இல்லை, அந்நியர் இல்லை, தரப்புள்ளி ஏறுவதும் இறங்குவதும் இல்லை. உட்கோட்டையிலோ ஆயுதக்களத்திலோ ஒரு திண்ணையில் நான்கு கைப்பேசிகளோடு அந்தக் களத்தைத் திறந்து, முதல் அரை மணி நேரம் ஒரு குண்டும் சுடாமல், எந்தச் சாளரத்திலிருந்து எந்த வாசல் தெரிகிறது, எந்தச் சுவர் மறைக்கும், எந்தச் சுவர் மறைப்பதுபோல் காட்டிக்கொடுக்கும் என்று புதியவனை அந்த அண்ணன் நடத்திக்கொண்டு போகலாம். பிறகு இருவரும் எதிரெதிரே நின்று ஒரே வகைத் துப்பாக்கியால் பத்து முறை மோதலாம். ஒவ்வொரு முறை விழுந்ததும், ஏன் விழுந்தாய் என்று அவனையே சொல்ல வைக்கலாம்.